வெள்ளைச் சமையல்

"அது அவரில்லை," என்றாள் ஹலீமா. சொல்லிவிட்டு அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்தாள்.

எதிரே நின்ற மஸ்தான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவர் ஹலீமாவின் கணவன் நூருல் அமீனுடைய அண்ணன். கோல சிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில்தான் இரண்டு குடும்பமும் இருந்தன. ஆண்கள் வெளியூர் போயிருந்த வீடுகளில் விசாரித்துக்கொண்டு விடிந்ததும் விடியாததுமாகப் போலீஸ் வந்து கூப்பிட, கிள்ளான் ஆஸ்பத்திரிப் பிணவறை வரை போய்விட்டு இப்போதுதான் திரும்பியிருந்தார். கம்போங் குவாந்தான் பக்கம் ஆற்றோர மர வேர்களுக்கிடையே ஓர் ஆணின் உடல் சிக்கிக் கிடந்ததாம். தண்ணீரில் ஊறிய உடம்பு, முகம் அடையாளம் தெரியவில்லை. கைலியும் பனியனும் ஊரில் பாதி ஆண்கள் உடுத்துகிறவைதான். உயரம் மட்டும் அமீனின் உயரம். மேல்வரிசை முன்பல்லில் ஓர் ஓரம் அடைக்கப்பட்டிருந்தது.

"அடைச்ச பல்லு என்ன நிறம்?" என்று ஹலீமா கேட்டாள்.

"பழுப்பா இருந்திச்சு. ஓரமெல்லாம் கறுத்துப் போயி."

"அப்ப அவரே இல்லை, மச்சான். அவரு பல்லு வெள்ளை. எனக்குத் தெரியாதா?"

அது உண்மைதான். அந்தப் பல்லைப் பற்றி ஹலீமாவுக்குத் தெரிந்த அளவு அதன் சொந்தக்காரனுக்கே தெரியாது.

கதை ஒரு சோடா பாட்டிலில் தொடங்கியது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் ஆரஞ்சு சோடாவின் மூடியை அமீன் பல்லால் கடித்துத் திறந்தான். கலியாணமாகி வருஷக்கணக்கான ஆளுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டால் தேவையில்லைதான். ஆனால் பக்கத்தில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடி வந்தது, கூடவே முன்பல்லின் ஒரு மூலையும் சரிவாக உடைந்து வந்தது. அன்றிலிருந்து அமீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

அதை ஹலீமாவால் தாங்கவே முடியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் அவனை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். கடை முன்னால் தே இழுத்துக்கொண்டே, அதாவது தேநீரை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டே, யாரிடமோ ஏதோ சொல்லி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தான். வீட்டில் கேட்டபோது அவள் தலையை ஆட்டியது அந்தச் சிரிப்புக்காகத்தான். சொந்த வீடில்லை, பிள்ளை இன்னும் வரவில்லை, எல்லாவற்றுக்கும் மச்சானிடம் கைநீட்ட வேண்டிய நிலை. இருந்தாலும் அந்தச் சிரிப்பு தன்னுடையது என்று ஒரு நிம்மதி அவளுக்கு இருந்தது. அதைக் கைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தால் எப்படி?

அவள்தான் நச்சரித்து அவனைக் கிள்ளானுக்கு இழுத்துப் போனாள். டாக்டர் சந்திரிகா ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணியின் மகள், தமிழில் பொறுமையாகப் பேசுவார். பல்லின் நிறத்திலேயே மாவு மாதிரி ஒன்றை எடுத்து உடைந்த மூலையில் ஒட்டி, உருட்டிச் சரிசெய்து, நீல விளக்கைக் காட்டினார். மாவு கல்லாக இறுகிவிட்டது. முகத்துக்கு முகம் வைத்துப் பார்த்தால் ஒரு சரிவான கோடு, தலைமுடி அளவுக்கு. அது மட்டும்தான் தெரிந்தது.

"ரெண்டு நாளைக்கு வெள்ளைச் சாப்பாடு மட்டும்," என்றார் டாக்டர். "கறி, கோப்பி, தே, சிகரெட், வெத்தலை எதுவும் ஆகாது. புதுசுல இது எல்லா நிறத்தையும் இழுத்துக்கும். அப்புறம் சாப்பிடலாம், சாப்பிட்டதும் வாயைக் கொப்பளிச்சிடணும். கறை பிடிச்சிட்டா இங்க வாங்க, பாலிஷ் பண்ணித் தர்றேன்."

இரண்டு நாள் என்று டாக்டர் சொன்னதை ஆயுசுக்கும் நீட்டியது ஹலீமா. இரண்டு நாளைக்கு நல்லதென்றால் எந்நாளைக்கும் நல்லதுதானே என்பது அவள் நியாயம். அவளுடைய நியாயத்துக்கு எதிராக அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை, முக்கியமாக அமீன்.

அதுவரை அடுக்களை மஸ்தானின் மனைவி மெகராஜ் பேகத்தின் ராஜ்ஜியமாக இருந்தது. ஹலீமாவுக்கு வெங்காயம் உரிக்கிற வேலைதான். இப்போது பல்லின் பெயரால் அவளுக்கென்று ஓர் அடுப்பு கிடைத்தது. இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், மஞ்சள் போடாத சொதி, மிளகாய்த்தூள் படாத வெள்ளை ஆணம் என்ற குழம்பு, தேங்காய்ப்பால் கஞ்சி, ராத்திரிக்கு ஒரு குவளை பால். கறித்தூள் வாசத்திலேயே பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு இதுதான் மூன்று வேளையும். அமீன் முதலில் சிரித்துக்கொண்டே சாப்பிட்டான். அப்புறம் சாப்பிட்டான்.

"கறிக்கடைக்காரன் தம்பிக்கு வெள்ளைக்காரன் சாப்பாடா?" என்று மஸ்தான் கேலி செய்வார்.

"லாத்தா ஆக்கின மீன் தலை ஆணத்தை நாங்க சாப்பிட்டுக்கிறோம், நீ பல்லைப் பாத்துக்க," என்பாள் மெகராஜ் பேகம். தன்னையே லாத்தா, அதாவது அக்கா, என்று சொல்லிக்கொள்வது அவள் வழக்கம்.

காலையிலிருந்து மாலைவரை ஊருக்கெல்லாம் தே இழுத்துக் கொடுத்த கை, ஒரு மிடறு தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மஃரிபு தொழுகை முடிந்ததும் ஹலீமா அவனை விளக்குக்குக் கீழே உட்கார வைத்து, மேலுதட்டை விரலால் தூக்கிப் பல்லைப் பார்ப்பாள். வெள்ளையாக இருந்தால் தட்டிக்கொடுப்பாள். இம்மியளவு மஞ்சள் தெரிந்தால், "எங்க சாப்பிட்டீங்க?" என்ற கேள்வி வரும். கள்ளத்தனம் செய்தவன் மாதிரி அவன் தலையைக் குனிந்துகொள்வான். அன்பாகத்தான் செய்தாள். அன்பு என்று பெயர் வைத்துவிட்டால் எதையும் செய்யலாம் என்று அவளும் நினைத்தாள்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை அது முற்றிப் போனது. ஜும்ஆ முடிந்து கடையில் கூட்டம் அடைத்துக்கொண்டிருந்த நேரம். எதையோ எடுக்கக் கடைக்குள் வந்த ஹலீமா, அமீன் வாயைத் துடைத்தபடி அடுக்களைப் பக்கமிருந்து வருவதைப் பார்த்துவிட்டாள். விரல் நுனியெல்லாம் மஞ்சள். அவ்வளவு பேர் இருக்கிறார்களே என்ற எண்ணம் அவளுக்கு வரவில்லை.

"வாயத் தொறங்க," என்றாள்.

அமீன் திறந்தான். அதுதான் கொடுமை. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்ற இடத்தில் வாயைத் திறந்தான். ஏதோ ஒரு மேசையில் யாரோ சிரித்தார்கள். மஸ்தான் கல்லாவில் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் அமீன் பையில் இரண்டு கைலியைத் திணித்துக்கொண்டு, சுங்கை பஞ்சாங்கில் நெல் ஏற்றும் சின்னையாவின் லோரியில் கையாளாகப் போய்விட்டான். சண்டை போடவில்லை. "கொஞ்ச நாளு லோரில ஓடிட்டு வர்றேன்," என்று மட்டும் சொன்னான். அப்புறம் அவ்வப்போது கடைக்குப் போன் வரும். மஸ்தான் எடுத்துப் பேசிவிட்டு, "ஹலீமா, வந்து பேசு," என்று கூப்பிடுவார். ஹலீமா கை ஈரமாக இருக்கிறது என்பாள். அவர் முதலில் வந்து கேட்கட்டும், அப்புறம் பேசுகிறேன் என்று வீம்பு. மாதங்கள் ஓடிவிட்டன.

இப்போது பிணவறையில் ஒருவன் கிடக்கிறான், அவன் பல் பழுப்பு.

"நீ வந்து ஒரு வார்த்தை சொல்லணும்," என்றார் மஸ்தான். "நம்ம ஆளுன்னா இன்னிக்கே அடக்கணும். எத்தனை நாளாச்சோ. நாம இல்லன்னுட்டா கவர்மெண்ட்டே எடுத்துப் புதைச்சிடும், எங்கன்னுகூடத் தெரியாது. நான் போயி இல்லன்னு சொல்லிட்டு, அப்புறம் அவனா இருந்துட்டா? என்னால அதைச் சுமக்க முடியாது."

"சின்னையாவைக் கேட்டீங்களா?"

"லோரி தெலுக் இந்தான் பக்கம் போயிருக்காம். சேதி சொல்லி அனுப்பியிருக்கு, நேரா ஆஸ்பத்திரிக்கு வருவான்."

ஹலீமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "வர்றேன். ஆனா அந்தப் பல்லு டாக்டரையும் கூப்பிடுங்க. பல்லை அடைச்சவங்களே வந்து பாத்து இல்லன்னு சொல்லட்டும். அப்புறம் யாருக்கும் சந்தேகம் இருக்காதுல்ல."

கிள்ளான் போகிற வழியெல்லாம், சொன்னால் நம்பமாட்டீர்கள், அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பயம் அடியில் எங்கோ இருந்தது. அதன் மேல் சந்தோஷத்தை மூடி போல அழுத்தி வைத்திருந்தாள். யார் பெற்ற பிள்ளையோ, எவள் புருஷனோ என்று அந்தப் பிணத்துக்காக இரக்கப்பட்டாள். கோப்பியும் சிகரெட்டுமாகக் கெட்டுப்போன எவனோ ஒருவன். அமீன் அடுத்த தடவை போன் பண்ணினால் ஈரக்கையோடாவது தானே எடுத்துப் பேசுவது என்று காப்பார் வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டாள். முதலில் என்ன பேசுவது என்று யோசித்தாள். சாப்பிட்டீங்களா என்று கேட்க வேண்டும், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கக் கூடாது.

டாக்டர் சந்திரிகா சிறிய பெட்டியோடு வந்து காத்திருந்தார். போலீஸ்காரர் ஒருவர் கதவோரம் நின்றார். உடம்பை முழுவதும் போர்த்தியிருந்தார்கள், முகத்திலும் துணி. வாய் மட்டும் தெரியும்படி டாக்டர் துணியை ஒதுக்கினார். உதட்டை விரலால் தூக்கினார். அது ஹலீமாவுடைய செய்கை.

மஸ்தான் சொன்னது சரிதான். பல்லின் மற்ற பாகம் சுமாரான வெள்ளை. அடைத்த மூலை மட்டும் பழுப்பேறி, ஓரத்தில் கறுப்புக் கோடு கட்டியிருந்தது.

"பாத்தீங்களா டாக்டர்?" என்றாள் ஹலீமா அவசரமாக. "இது அவரு பல்லா இருக்கவே முடியாது. நான் அவருக்கு மஞ்சளே போடமாட்டேன். கோப்பி இல்லை, தே இல்லை. மூணு வருஷமா வெள்ளைச் சாப்பாடுதான். நீங்கதானே சொன்னீங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "மூணு வருஷமாவா? நான் ரெண்டு நாளைக்குத்தானேம்மா சொன்னேன்."

ஹலீமா அந்தப் பல்லையே பார்த்தாள்.

"இப்ப கொஞ்ச நாளா உங்க கையாலதான் சாப்பிட்டாரா?"

"இல்லை," என்றார் மஸ்தான், அவளுக்குப் பதிலாக. "லோரில போயி ஆறேழு மாசமாச்சு. வெளிச் சாப்பாடுதான்."

"அப்படின்னா நிறத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. கறியில இருக்கிற மஞ்சள்னா மஞ்சளா ஏறும். கோப்பி, தே, சிகரெட்னா பழுப்பு. சொந்தப் பல்லைவிட ஒட்டின இடம் சீக்கிரம் இழுத்துக்கும். ரொம்ப நாள் ஒண்ணுமே சாப்பிடாம இருந்துட்டு அப்புறம் ஆசை தீரச் சாப்பிட்டாலும் இப்படித்தான் ஆகும்." டாக்டர் பெட்டியைத் திறந்தார். "ஆனா கறை மேலாகத்தான் நிக்கும். தேய்ச்சுப் பாத்தா தெரிஞ்சிடும். நான் ரெண்டு நிறம் கலந்து வெச்சேன், ஈறுப் பக்கம் கொஞ்சம் மங்கலா, நுனியில வெளுப்பா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

மணல்காகிதம் மாதிரி சொரசொரப்பான மெல்லிய ஒரு பட்டையை எடுத்து, அடைத்த மூலை சொந்தப் பல்லோடு சேரும் ஓரத்தை மட்டும் ஈறுப் பக்கத்திலிருந்து நுனிவரை தேய்த்தார். சத்தமே இல்லாத வேலை. பட்டையில் பழுப்பு இறங்கியது. டாக்டர் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

தேய்த்த இடம் வெளுத்திருந்தது. ஈறுப் பக்கம் மங்கல், நுனியில் வெளுப்பு. சொந்தப் பல்லோடு சேரும் இடத்தில் அந்தச் சரிவான கோடு, தலைமுடி அளவுக்கு. விளக்குக்குக் கீழே உட்கார வைத்து, உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்து அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்த கோடு. டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே ஹலீமாவுக்குத் தெரிந்துவிட்டது.

"இது என் கைவேலைதான்," என்றார் டாக்டர் மெதுவாக.

ஹலீமா அழவில்லை. போலீஸ்காரர் பக்கம் திரும்பி, "அவருதான்," என்றாள். "என் வீட்டுக்காரரு. நூருல் அமீன்." வெளியே போக வேண்டும் என்று தோன்றியது, கால் தானாக நடந்தது.

நடைவழியில் சின்னையா நின்றிருந்தான். லோரித் தூசி தலையெல்லாம் படிந்திருந்தது. மஸ்தான் பின்னால் வந்து தலையசைத்ததும் அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது, சுவரோரம் குந்தி உட்கார்ந்துவிட்டான்.

"நான் வீட்டுக்கு வந்திட்டாருன்னுல்ல இருந்தேன்," என்றான். "போன வாரமே எறங்கிட்டாருங்க. வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் எறங்கினாரு."

"வீட்டுக்கா?" என்றார் மஸ்தான். "வீட்டுப் பக்கம் வரவே இல்லையே. நாங்க உன்கூட ஓடிக்கிட்டிருக்கான்னுல்ல நெனச்சோம்."

சின்னையா ஹலீமாவை ஒரு தடவை பார்த்தான், சொல்வதா வேண்டாமா என்று.

"சொல்லுங்க," என்றாள் ஹலீமா.

"அண்ணன் எங்கூட இருந்த நாளெல்லாம் நல்லா சாப்பிட்டாருங்க. லோரி நிக்கிற எடத்துலயெல்லாம் பால் போடாம ஒரு கோப்பி ஓ. மீன் கறின்னா குழம்பை ஊத்தி ஊத்தி. சிகரெட்டும் பழகிக்கிட்டாரு. நல்லா சிரிப்பாரு லா, வாயத் தொறந்து. நாங்க எல்லாரும் அவரு சொல்ற கதைக்குத்தான் காத்துக்கிட்டிருப்போம்." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அன்னிக்கு லோரிக் கண்ணாடியில பல்லைப் பாத்தாரு. 'இதோட போனா வாசல்லயே நிறுத்திடுவா சின்னையா'ன்னு சொன்னாரு. அதுக்கும் சிரிச்சாரு. வழியில ஒரு கடையில பல்பொடிப் பொட்டலம் வாங்கினாரு. கம்போங் குவாந்தான்கிட்ட நிறுத்தச் சொன்னாரு. ஆத்துல எறங்கிப் பல்லைத் தேய்ச்சு, குளிச்சிட்டு, அப்புறம் பஸ் புடிச்சிக்கிறேன்னாரு. பை லோரியிலயே கெடக்குங்க. கரையெல்லாம் சேறு. அவருக்கு நீச்சல் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா?"

அமீனுக்கு நீச்சல் தெரியாது என்பது ஹலீமாவுக்குத் தெரியும். அவன் குளிக்கிறதே கிணற்றடியில் வாளியால்தான். அவ்வளவு பயந்தவன் சேற்றில் காலை வைத்து ஆற்றுக்குள் இறங்கியிருக்கிறான், வீட்டு வாசலைத் தாண்ட அவளுடைய அனுமதி வேண்டும் என்பதற்காக. அவளுக்கு வாய் திறந்து கத்த வேண்டும் போலிருந்தது. வாயத் தொறங்க, வாயத் தொறங்க என்று அவள் குரலே அவள் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

மஸ்தான் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அவள் பக்கத்தில் நின்றார். அவரும் அழுதிருந்தார்.

"ஹலீமா. டாக்டரம்மா கேக்குறாங்க. மிச்சத்தையும் தேய்ச்சு வெள்ளையாக்கிடட்டுமான்னு. அஞ்சு நிமிஷ வேலைதானாம். குளிப்பாட்டுறதுக்கு முன்ன, பழையபடி அழகா..." அவர் கதவைக் காட்டினார். "உனக்கு அது முக்கியமுன்னு நெனச்சுக் கேக்குறாங்க."

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டாக்டர் கையில் பட்டையோடு அவளுடைய பதிலுக்காகக் காத்திருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் சம்மதம் சொன்ன அந்தச் சிரிப்பின் பல் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

"வேணாம் மச்சான்," என்றாள் ஹலீமா. "அது அவரு ஆசைப்பட்டுச் சாப்பிட்டது. அதோடயே போகட்டும். எனக்கு இப்பத் தேய்ச்ச அந்த ஒரு ஓரம் போதும்."